18 வளைவில் வழுக்கிய கிளச்

மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் 18 வளைவில், எத்தனையாவது வளைவு என்று ஞாபகமில்லை, மரக்கறி லொறி ஒன்றை முந்தப் போனோம். மூன்றாம் கியர். எதிரே ரோடு காலி. அக்சிலேட்டரை முழுசாகத் திருகினோம். ஆர்பிஎம் முள் ஒரே பாய்ச்சலில் மேலே போனது, என்ஜின் கத்தியது, பைக் மட்டும் லொறியின் பின் டயருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் மேலே வளைவுக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸின் மூக்கு தெரிந்தது.

பிரேக் பிடித்து, லொறிக்குப் பின்னால் வந்து ஒதுங்கிவிட்டோம். பஸ் ஹோர்ன் அடித்தபடி இறங்கிப் போனது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

'நாங்கள்' என்றால் இரண்டு பேர். சாச்சாவின் மகனும் பெரியவாப்பாவின் மகனும். அன்றைக்கு ஓட்டியது யார், பின்னால் இருந்தது யார் என்று இங்கே பிரித்துச் சொல்வதாக இல்லை. இதை எங்கட உம்மாமாரும் வாசிக்கலாம்.

பைக் எங்களுடையதல்ல, மூத்த காக்காவுடையது. பழைய 150 பல்சர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஊரில் புதுப் பைக் என்ற பேச்சே இல்லை. இருக்கிறதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். காக்கா அதற்கு 180இன் பிளொக்கும் பிஸ்டனும் போட்டார். 57 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 63.5 மில்லிமீட்டர். கணக்குப் பார்த்தால் கொள்ளளவு கிட்டத்தட்ட 24 வீதம் கூடுகிறது. வாகனப் புத்தகத்தில் அது இன்றைக்கும் 150தான். 2022இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் அடித்த காலத்தில் அந்தப் பெரிய பிஸ்டனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அந்த வருடமே காக்கா கட்டாருக்குப் போனார். சாவி எங்கட கைக்கு வந்தது.

மாவடிப்பள்ளியிலிருந்து காரைதீவுச் சந்தி, நிந்தவூர், ஒலுவில் கம்பஸ். போய்வர இதுதான் எங்கட ஓட்டம். இந்தப் பாதையில் ஏற்றமென்று ஒன்று கிடையாது. வயலும் கடலும் சமதரைதான், பாலம் வந்தால் கொஞ்சம் ஏறி இறங்குவோம். அதனால்தான் இந்தக் குறை இவ்வளவு நாள் ஒளிந்துகிடந்தது. முழுக்க ஒளிந்துகிடந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கு முதலே, ஐந்தாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று முறுக்கினால் சத்தம் முதலில் ஏறும், வேகம் பிறகு வரும். "என்னடா மச்சான், வண்டி இழுக்குதில்ல?" "பெற்றோல் சரியில்ல போல." இப்படிச் சொல்லிச் சொல்லியே நாட்களைக் கடத்தினோம். கையில் காசில்லாதபோது பைக்கில் எதையுமே கேட்கத் தோன்றாது.

அப்புறம் அக்குறணையில் எங்கட பெச் நண்பன் ஒருவனின் ராத்தாவுக்குக் கலியாணம் வந்தது. உகன, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை என்று போனோம். அதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

உன்னஸ்கிரியவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒரு மணித்தியாலம் நின்று என்ஜினை ஆறவிட்டோம். கிளச் கேபிளைப் பார்த்தால் லீவரில் லூஸே இல்லை, இழுத்துக் கட்டின மாதிரி இருந்தது. லீவரின் அடியில் 2, 3 மில்லிமீட்டராவது சும்மா ஆட வேண்டும். இல்லாவிட்டால் நாம் கையை எடுத்தாலும் உள்ளே கிளச்சை யாரோ அரைவாசி பிடித்துக்கொண்டிருக்கிற கணக்குத்தான். தட்டுகள் தேயும்போது அந்த லூஸ் தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கேபிளைத் தளர்த்திவிட்டு, முந்துகிற எண்ணத்தைக் கைவிட்டு, நோகாமல் போய்ச் சேர்ந்தோம். பிரியாணி நல்லாயிருந்தது.

ஊருக்கு வந்து கராஜ்கார காக்காவிடம் கொடுத்தோம். அவர் ஒயிலை வடித்தபோது வந்த வாசம் சட்டியில் கருகின சோறு மாதிரி. வலது பக்க மூடியைக் கழற்றி, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து பேப்பரில் பரப்பினார்.

நாங்கள் கலைப்பீடம். உராய்வுக்கு ஓ/எல் விஞ்ஞானத்தோடு சலாம் சொன்னவர்கள். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கடதாசியில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. கிளச் என்பது பிஸ்கட் பக்கெட் மாதிரி அடுக்கின தட்டுகள். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் இரும்புத் தட்டு ஒன்று, திரும்ப உராய்வுத் தட்டு. ஒரு வகை என்ஜினோடு சுற்றும், மற்ற வகை கியர் பெட்டியோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இரண்டையும் சேர்த்து நெருக்கிப் பிடித்திருக்கும்வரை அவை ஒன்றாய்ச் சுற்றும். எவ்வளவு பலத்தைத் தாங்கும் என்பது நாலு விஷயத்தில் இருக்கிறது: உராயும் முகங்கள் எத்தனை (5 உராய்வுத் தட்டென்றால் 10 முகம்), தட்டு எவ்வளவு பெரியது, ஸ்பிரிங் எவ்வளவு நெருக்குகிறது, மேற்பரப்பு எவ்வளவு பற்றிப் பிடிக்கிறது. கம்பனி 150க்குக் கணக்குப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துத்தான் அனுப்புகிறது. அந்தக் கூடுதலைக் காக்காவின் 24 வீதம் சாப்பிட்டுவிட்டது. மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

எப்படியென்றால், முதலாவது ஒயில். சாச்சாவின் வேனுக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒயிலை இரண்டு தரம் பைக்குக்கு ஊற்றினோம். ஒயில் என்றால் ஒயில்தானே என்று நினைத்தோம். கார், வேன் ஒயில் பலதில் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று வழுக்கலைக் கூட்டும் சாமான் கலந்திருக்கும். அவற்றின் கிளச் ஒயிலுக்குள் கிடப்பதில்லை, அதனால் பாதகமில்லை. பைக்கின் கிளச்சோ என்ஜின் ஒயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. போத்தலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எம்பி என்றால் அது ஸ்கூட்டிகளுக்கு. இந்த இரண்டு எழுத்தைப் பார்த்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது தண்ணீர். மாரியில் காரைதீவு - மாவடிப்பள்ளி ரோட்டுக்கு மேலால் தண்ணி பாயும். என்ஜின் நின்றுவிடாமல் இருக்க, முறுக்கிப் பிடித்துக்கொண்டு அரைக் கிளச்சிலேயே அந்தத் தண்ணிக்குள்ளால் போவோம். எத்தனை தரம் போனோமென்று கணக்கில்லை. வந்து சிரித்துக்கொண்டு கதை சொல்லியிருக்கிறோம். 2024 நவம்பர் 26ஆம் திகதி, அதே ரோட்டில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டது. திரும்பி வராத பிள்ளைகளைத் தேடி ஊரே தண்ணியில் நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணிக்குள் நாங்கள் பைக்கை இறக்கவில்லை. கராஜ்கார காக்கா இரும்புத் தட்டு ஒன்றை வெயிலில் பிடித்து, அது சூட்டில் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டி, "அரைக் கிளச்சில கூட ஓடியிருக்கீங்க" என்றபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது அந்த ரோடுதான். வாய் திறக்கவில்லை.

காசைப் பற்றிக் கதை வந்ததும் எங்களிடம் ஒரு யோசனை இருந்தது. பழைய ஸ்பிரிங்குக்குக் கீழே ஒவ்வொரு வாசர் போட்டால் இறுகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இறுகும்தான் தம்பி. ஆனா லீவரப் புடிக்கக்குள்ள ஸ்பிரிங் முழுசா அமுங்கி முட்டிக்கிட்டு நிக்கும். தட்டு பிரியா. சந்தியில நிப்பாட்டினா பைக் நிக்காது, முன்னுக்குப் போகும். காரைதீவுச் சந்தியில அப்புடிப் போய்ப் பாக்கப்போறீங்களா?"

"மொத்தமான ஸ்பிரிங் போடலாமே காக்கா?"

"போடலாம். எவ்வளவு மொத்தம்? கூடிப்போனா கை மரத்துப்போகும், கேபிள் அறும், உள்ளுக்க பெயாரிங்கும் தாங்கா. என்ஜினக் கூட்டக்குள்ளயே கிளச்சையும் கூட்டியிருக்கணும். இதை யாரு செஞ்ச?"

மூத்த காக்கா என்று சொன்னோம். அவர் 'ம்' என்றார்.

கடைசியில் உராய்வுத் தட்டு முழு செட், இரும்புத் தட்டு முழு செட், பத்துப் பதினைந்து வீதம் கடினமான ஸ்பிரிங்குகள், எம்ஏ2 ஒயில். ஒன்றிரண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் தட்டு கோணலாக அமுங்கும் என்பதால் எல்லாமே புதுசு. புதுத் தட்டுகளை ஓர் இரவு முழுக்க ஒயிலில் ஊறவைத்தார். கூடையின் விரல்களில் தட்டுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்ததை அரத்தால் மெல்லச் சமப்படுத்தினார். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அந்தச் சின்னப் போல்ட்டுகள் இருக்கிற அலுமினியக் கால் ஒன்று முறிந்தால் முழுத் துண்டும் மாற்ற வேண்டுமாம். செலவு ஒரு மாத மகாபொலக் காசைத் தாண்டியது. மற்றவனிடம் கடன் வாங்கியது யார் என்பதையும் இங்கே சொல்லப்போவதில்லை.

அன்று இரவு காக்காவுக்கு வட்சப்பில் எல்லாம் சொன்னோம், பஸ்ஸைத் தவிர. கொஞ்ச நேரம் கழித்து வொய்ஸ் வந்தது. பிளொக் போட்ட கையோடு கிளச்சும் மாற்றத்தான் இருந்தாராம். டிக்கட்டுக்குக் காசு கட்ட வேண்டி வந்ததால் விட்டுவிட்டாராம். "வழுக்கும் எண்டு தெரியும்டா. ஒலுவிலுக்குத்தானே போவீங்க எண்டு நெனச்ச."

நாங்கள் திட்டியிருக்கலாம். ஆனால் எங்களுக்கும் ஒரு மாதம் தெரியும்தானே.

"லீவர் இப்ப பாரமா இரிக்கா?" என்று கேட்டார்.

"பாரம்தான் காக்கா. நிந்தவூர் வரக்குள்ளயே கை வலிக்குது."

"வித்துடாதீங்க. நான் வந்து ஒருக்கா ஓட்டிப் பாக்கணும்."