உரிமம் கேட்டு வந்தவர்

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்லைங்க சார். குரங்கு வளர்க்க ஒரு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துடுங்க."

2014-இல் அழகர்மலை அடிவாரத்துப் பழக்கடைக்காரர் ஒருவர் வழக்கறிஞரான என்னிடம் இப்படிக் கேட்டார். மின்கம்பியில் அடிபட்டு இறந்த தாயைக் கட்டிக்கொண்டு கிடந்த குட்டியை அவர் எடுத்துவந்தார். மனைவி பால் புகட்டி வளர்த்தார். பருவத்துக்கு வந்த அந்த ஆண் குரங்கு பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கடித்துவிட்டது. புகார் போனது, ரேஞ்சர் வந்து குரங்கை மீட்டு வழக்கும் பதிந்தார்.

நாட்டுக் குரங்கைச் செல்லப்பிராணியாக வளர்க்க உரிமம் தரும் ஏற்பாடே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. பிரிவு 39-இன்படி, பிடித்து வைத்திருக்கும் காட்டு விலங்கு அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

அவர் வேட்டையாடவில்லை, அநாதைக் குட்டியைக் காப்பாற்றினார் என்று வனத்துறைக்குக் கொடுத்த மனுவில் வாதிட்டேன். அன்று நாட்டுக் குரங்கு இரண்டாம் அட்டவணையின் முதல் பகுதியில் இருந்ததால், பிரிவு 54-இன் கீழ் இணக்கக் கட்டணம் கட்ட வழியிருந்தது. வனத்துறை மனுவை ஏற்றது. வழக்கு நீதிமன்றம் போகாமல் முடிந்தது.

"பிள்ளையையும் திருப்பிக் கேளுங்கய்யா" என்று அழுதார் அவர் மனைவி. அந்த மனுவைப் போட நான் சம்மதிக்கவில்லை. கூட்டத்தோடு வாழும் உயிரைச் சங்கிலியில் கட்டி வளர்த்தால், அதற்கு இரை தேடவும் தெரியாது, தன் இனத்தோடு பழகவும் தெரியாது. அந்தக் குரங்கைக் காட்டில் விட முடியாமல் மீட்பு மையத்துக்குத்தான் அனுப்பினார்கள். முதல் நாளே ஒப்படைத்திருந்தால் வேறு குட்டிகளோடு சேர்ந்து வளர்ந்திருக்கும்.

2022 திருத்தத்துக்குப் பிறகு நாட்டுக் குரங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. இணக்கக் கட்டணத்துக்கு இடமே இல்லை. மார்மோசெட் போன்ற வெளிநாட்டுக் குரங்குகளையும், 2024 விதிகளின்படி, பரிவேஷ் இணையதளம் வழியே பதிவு செய்தாக வேண்டும்.

தாயில்லாக் குட்டி கிடைத்தால் இரக்கப்படுங்கள். அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.