தோல்வியைக் கற்பிக்கும் ஆட்டங்கள்



பிள்ளை வீடியோ கேம் முன் அமர்ந்துவிட்டால், "எவ்வளவு நேரம் ஆடுகிறாய்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால், அந்த ஆட்டம் பிள்ளையின் மனத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? கடினமானவை என்று பெயர் பெற்ற மூன்று அதிரடி ஆட்டங்களை அதற்காக ஒப்பிட்டுப் பார்ப்போம். மூன்றும் ஜப்பானில் உருவானவை.

முதலாவது, கேப்காம் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் என் காப்ளின்ஸ்'. காசு போட்டு ஆடும் கூடங்களுக்காகச் செய்யப்பட்டது. ஓர் அடி பட்டால் வீரனின் கவசம் போகும். மறு அடியில் உயிர் போகும். முட்டி மோதி முடிவை எட்டினாலோ, கண்டதெல்லாம் மாயை என்று கூறி முதலிலிருந்து மீண்டும் ஆடச் சொல்லும்! ஆடுபவர் விரைவில் தோற்றால்தானே அடுத்த காசு விழும்?

இரண்டாவது, 2004இல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு வந்த 'நிஞ்ஜா கைடன்'. தற்காத்துக்கொள்ளத் தெரியாமல் பொத்தான்களை அழுத்தித் தள்ளுபவர் இதில் நிலைக்க முடியாது. திறமையை மெய்யாகவே சோதிக்கும் ஆட்டம் இது. 2005இல் வந்த மறுபதிப்பில், தொடக்கத்திலேயே பலமுறை தோற்றவர்க்கு எளிய நிலை ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு இட்ட பெயரோ 'நிஞ்ஜா நாய்'! உதவியும் தந்து, இழிவும் செய்தார்கள்.

மூன்றாவது, ஹிடெடாகா மியாசாகி இயக்கி 2011இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்'. இதிலும் தோல்விக்குக் குறைவில்லை. வீழ்ந்தால், செலவிடாமல் கையில் வைத்திருந்த செல்வம் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிச் சென்று எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு; வழியில் மறுபடியும் வீழ்ந்தால் அது அழிந்துபோகும். ஆயினும், எதிரிகள் பெரும்பாலும் முன்பு நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஆகவே, ஒருமுறை வீழ்ந்தவர் அடுத்த முறை அறிந்தவராகச் செல்கிறார்.

இவற்றுள் மூன்றாவதன் செல்வாக்குத்தான் இன்று பெரிதாக வளர்ந்து நிற்கிறது. இதற்கு முன்னோடியாக 2009இல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' ஆட்டத்தை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட சோனி நிறுவனமே முன்வரவில்லை. பிற நிறுவனங்கள்தாம் வெளியிட்டன. பின்னரோ, 'சோல்ஸ் வகை' என்று ஒரு தனி இனமே தோன்றிவிட்டது. மியாசாகியின் 'செக்கிரோ' 2019இலும், 'எல்டன் ரிங்' 2022இலும் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வு பெற்றன.

கல்லூரியில் பயிலும் என் சகோதரி மகன் இதை ஆடும்போது அருகில் அமர்ந்து கவனித்திருக்கிறேன். ஒரே எதிரியிடம் இருபது முறைக்கு மேல் தோற்றான்; சினம் கொள்ளவில்லை. "அவன் வாளை ஓங்கியதுமே அவசரப்பட்டு விலகிவிடுகிறேன் மாமா. ஒரு கணம் பொறுக்க வேண்டும்" என்றான். அதே பிள்ளை பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியபோது, அதை வாப்பாவிடம் சொல்ல ஒரு மாதம் அஞ்சினான்!

சிந்தித்துப் பாருங்கள். ஆட்டத்தில் இருபது தோல்விகளைத் தாங்கியவனால் வீட்டில் ஒரு தோல்வியைச் சொல்ல முடியவில்லை. வீழ்ந்த இடத்தைக் காட்டி, மீண்டும் எழ இடம் தருகிறது ஆட்டம். நாமோ பல வேளைகளில் 'நிஞ்ஜா நாய்' என்பது போன்ற பட்டத்தைச் சூட்டிவிடுகிறோம்.

இந்த ஆட்டங்களைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தாருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. மேலே கூறியவற்றுள் 'நிஞ்ஜா கைடன்' முதலாகப் பலவும் அமெரிக்காவில் 17 வயது நிரம்பியோர்க்கு என்று முத்திரையிடப்பட்டவை. குருதியும் கொலையும் நிறைந்தவை. 'இன்னும் ஒரே முறை' என்ற ஆவல் உறக்கத்தையும் படிப்பையும் விழுங்கிவிடும். வயதும் நேரமும் பெற்றோர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.

அத்துடன், இன்று மாலை பிள்ளையிடம், "எங்கே தோற்றாய்? அடுத்த முறை என்ன செய்வாய்?" என்று பரிவுடன் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் நாளிலும் அதே கேள்வியை, அதே குரலில் கேளுங்கள்.