நாலு மணி நேரம்

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் அக்கா அழைத்துப் போவாள். சனிக்கிழமை என் முறை. காலை ஆறரைக்கெல்லாம் கிள்ளானில் இருக்கும் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். எடை பார்த்து, கையில் ஊசி ஏற்றி, இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் அப்பாவால் நான்கு மணி நேரம் அசைய முடியாது. நோயாளியோடு ஒருவர் உட்கார அங்கே அனுமதி உண்டு. எனக்கு வாரத்திலேயே நல்ல நேரம் அந்த நான்கு மணி நேரம்தான். ஏர்கோன் இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள், கையில் புத்தகம் இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஒரு வருடத்தில் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் பதினெட்டு நாவல்கள் படித்து முடித்தேன்.

அப்பா அவ்வப்போது கேட்பார்.

“என்னடா படிக்கிற?”

“ஒண்ணும் இல்லப்பா. கதை.”

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அப்பா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். பிறகு முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வீட்டுக்கு வரும் தமிழ்ப் பேப்பரை மரண அறிவிப்பு வரைக்கும் விடாமல் படிக்கிறவர். சர்க்கரை முதலில் அவர் கண்ணை வாங்கியது, அப்புறம்தான் சிறுநீரகத்தை. பேப்பர் நின்றுபோனது. அவர் படிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்ததும், பக்கத்திலேயே உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்ததும் ஒரே காலத்தில்தான் நடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை அவரே கேட்டார். “கொஞ்சம் சத்தமா படியேன். எனக்கும் பொழுது போகணும்ல.”

அன்றைக்கு என் கையில் இருந்தது தஸ்தாயெவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’. மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தி வாசித்தேன். ஒரு பக்கம் தாண்டியிருக்காது.

“இந்தப் பையனுக்கு என்ன வேலை?”

“தெரியலப்பா.”

“சம்பளம் எவ்ளோ?”

“அதெல்லாம் முக்கியம் இல்லப்பா. அவன் தனிமையில இருக்கான். ராத்திரியில ஒரு பொண்ணப் பாக்குறான்.”

“வேல வெட்டி இல்லாம ராத்திரியெல்லாம் சுத்துனா தனியாத்தான் இருப்பான்.”

பக்கத்தில் இருந்த தாதி சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவன் தன் சம்பளத்தைச் சொல்கிறான். கதையின் கடைசிப் பகுதியில், அந்தப் பெண்ணிடம், எண்ணிக்கையோடு. மூன்று தடவை படித்தும் அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. பென்சிலால் நான் கோடு போட்டு வைத்திருந்ததெல்லாம் அழகான வாக்கியங்களுக்குக் கீழே.

அடுத்த சனிக்கிழமை அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலை எடுத்துப் போனேன். ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் கதை. 1942இல் தொடங்கி 1943இல் முடிந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காட்டிலும் மலையிலும் மழையிலும், பசியிலும் காலராவிலும் செத்தவர்கள் பல்லாயிரம். இது நமக்குத் தெரிந்த வரலாறுதான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நம் தோட்ட நாவல்களைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதினேன். ‘இவை ஆவணங்கள், இலக்கியம் அல்ல’ என்பதுதான் அதன் சாரம். நண்பர்கள் பாராட்டினார்கள். இந்த நாவலையும் அப்போது பாதியில் மூடி வைத்தவன்தான் நான். அப்பாவின் கேள்விகளுக்குப் பதில் இருக்கிற புத்தகம் என்பதால்தான் இப்போது எடுத்தேன். கொஞ்சம் பழிவாங்கும் எண்ணமும் இருந்தது.

அப்பா அன்றைக்குக் கேள்வி கேட்கவில்லை. ஒரு மணி நேரம் வாசித்திருப்பேன். கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றார். பிறகு, “எங்க பெரியப்பா சயாமுக்குப் போனவரு. திரும்பல” என்றார்.

எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. அதுவரைக்கும் இதை அவர் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கேக்கலையே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்பா பிறந்தது 1953இல். அவருக்கும் அது கேள்விப்பட்ட கதைதான். அவருடைய பெரியம்மா சொல்லிக் கேட்டது. அந்தப் பெரிய பாட்டியை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். “கெழவிக்கு ரொம்ப லொள்ளு” என்று நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம்.

“பெரியப்பா போனதுக்கு அப்புறம் ரெண்டு வருசமா அதுதான் சோறு” என்றார் அப்பா. “அரிசி ஏது? லயத்துக்குப் பின்னால கெழங்கு போட்டுத்தான் புள்ளைங்களக் காப்பாத்துனாங்க. ஜப்பான்காரன் போனதுக்கு அப்புறம் செத்துப்போற வரைக்கும் அதத் தொடல.”

க.நா.சு. மொழிபெயர்த்த ‘நிலவளம்’ படித்துவிட்டு, மண்ணோடு போராடும் நார்வே மனிதர்களைப் பற்றி நண்பர்களிடம் ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறேன். என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த ஒரு கிழவியிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்த படுக்கையில் எழுபது வயதுச் சீனர் ஒருவர். அவருக்கு எங்கள் வாசிப்பு புரியாது. ஆனாலும் தினம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அப்பாவிடம் கேட்டார், “அபா செரித்தா?” என்ன கதை?

“செரித்தா ஜெப்புன்” என்றார் அப்பா. பிறகு தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் நாவலை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று வாரமாக நான் வாசித்ததைப் பத்து நிமிடத்தில் சொன்னார். வர்ணனை எதுவும் இல்லை. ஆட்களைப் பிடித்தது, ரயிலில் அடைத்தது, மழை, காய்ச்சல். நடுவில் தன் பெரியப்பாவையும் சேர்த்துக்கொண்டார். நாவலில் அவர் இல்லையே என்று நான் திருத்தப் போகவில்லை.

சீனர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “உபி காயு” என்றார். மரவள்ளிக்கிழங்கு. “என் அம்மாவும் சொல்வார். ஹாரி-ஹாரி உபி காயு.” நாள் தவறாமல் மரவள்ளிக்கிழங்கு. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

என் பழைய விமர்சனம் முழுக்கத் தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. தகவலாகவே நகர்கிற பக்கங்களை வாசித்தபோது எனக்கும் கொட்டாவி வந்தது. ஒரு நாள் அப்பா நிஜமாகவே குறட்டை விட்டார். நாவல் என்றால் இன்னும் ஆழமாகப் போகவேண்டும் என்று இன்றைக்கும் வாதிடுவேன். ஆனால் ‘வெறும் ஆவணம்’ என்று எழுதியபோது அந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். அந்த ஆவணத்தில் என் வீட்டு ஆள் இருப்பது தெரியாததால் வந்தது. வாசிப்பு எனக்கு ஒரு அறை. கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் உட்காரும் அறை. வெளியே ஒருத்தர் நின்றுகொண்டு “என்னடா படிக்கிற?” என்று ஒரு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் படிப்பது ரொம்பக் குறைவு. நான்கு மணி நேரத்தில் முப்பது பக்கம் தாண்டுவதில்லை. நடுவில் அப்பாவுக்குக் காலில் தசை பிடிக்கும், அழுத்திவிட வேண்டும். பிரஷர் இறங்கினால் அன்றைக்கு வாசிப்பே கிடையாது. சில வாரம் அவருக்குப் புத்தகம் வேண்டாம், பழைய லோரிக் கதை சொல்ல வேண்டும். புத்தக ஓரங்களில் பென்சிலால் ‘அப்பாகிட்ட கேக்கணும்’ என்று எழுதி வைக்கிறேன். ‘பெரட்டு எத்தனை மணிக்கு?’ ‘கிராணி வீடு எந்தப் பக்கம்?’ சிலவற்றுக்கு எதிரே பதிலும் இருக்கிறது. பல இடங்கள் இன்னும் காலி.

போன சனிக்கிழமை புதிதாக ஒன்று தொடங்கவேண்டியிருந்தது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துப் போயிருந்தேன். மேடானும் பினாங்கும் யுத்தமும்.

“இதுவும் ஜப்பான்காரன் கததானா?”

“ஆமாப்பா. ஆனா இது வேற மாதிரி. மதுரப் பக்கத்துப் பையன், வட்டிக்கடை வேலைக்கு வந்தவன்.”

“சம்பளம் வரும்ல?”

“வரும்.”

“அவனாச்சும் ஊருக்குத் திரும்பிப் போறானா?”

அந்த நாவலை நான் ஏற்கெனவே இரண்டு தடவை படித்திருக்கிறேன்.

“படிச்சாத்தான்பா தெரியும்” என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தேன்.