அந்தோனியாரும் அம்மாவின் தோடும்

எங்கட வீட்டில சாவி காணாமல் போனாலும் சரி, ஆடு காணாமல் போனாலும் சரி, அம்மம்மா போற இடம் ஒண்டுதான். அந்தோனியார் கோவில். "அவரிட்டச் சொல்லியாச்சு, இனி நீ தேடு" எண்டுவா. தேடுற வேலை எங்களுக்கு, கிடைச்சால் மெழுகுதிரி அவருக்கு.

2018இல் அம்மாவின் தோடு காணாமல் போனது. அம்மம்மாவுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. கிணற்றடியில கழட்டி வைச்சனான், பிறகு காணேல்லை என்று அம்மா சொன்னா. அம்மம்மா கிணற்றடி மண்ணை அரிச்சுத் தேடினா. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினா. தோடு டவுனில் ஒரு அடைவு கடையில் இருந்தது எனக்குத் தெரியும். அடைவு வைக்க அம்மாவோட போனது நான்தான்.

ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த குழுக் கடன் அது. ஒருத்தருக்கு மற்றவர் பிணை. கிழமைக்குக் கிழமை காசு கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மிச்ச நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். அந்த ஒருத்தியின் மனுசன் கடலுக்குப் போகாமல் படுத்துவிட்டார். காசு எடுக்க வந்த பெடியன் எங்கட விறாந்தையில் பொழுதுபடும் வரைக்கும் இருந்தான். அவனும் பாவம்தான், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அடுத்த நாள் தோடு போனது.

கம்பஸில் மத்தியகால ஐரோப்பா பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது அந்தோனியாரை எடுத்தேன். தெரிந்த ஆள், லேசாய் எழுதலாம் என்ற நினைப்பு. பார்த்தால் எனக்குத் தெரிந்தது சுரூபம் மட்டும்தான்: ஒரு கையில் குழந்தை யேசு, மற்றக் கையில் லீலி மலர்.

ஆள் பதுவாக்காரரே இல்லை. 1195 அளவில் போர்த்துக்கலின் லிஸ்பனில் பிறந்தவர், பேர் பெர்னாந்து. மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் கொயிம்பிரா நகரத்துக்கு வந்தபோது அவர் அங்கேதான் வேறொரு சபையில் இருந்தார். உடனே சபை மாறினார், அந்தோனியார் என்று பேரும் மாற்றினார், தானும் மொரோக்கோவில் போய்ச் சாக வேண்டும் என்று கப்பல் ஏறினார். போன இடத்தில் காய்ச்சல். திரும்பி வரும்போது காற்று கப்பலைச் சிசிலிக்குத் தள்ளிவிட்டது. நினைத்த ஒன்றும் நடக்காமல் இத்தாலியில் ஒதுங்கிய ஆள் அவர். 1222இல் போர்லியில் ஒரு குருப்பட்டச் சடங்கில் பிரசங்கம் வைக்க ஒருவரும் ஆயத்தமாக இல்லை, இவரைப் பிடித்து நிற்பாட்டினார்கள். அன்றைக்குத்தான் இவருக்குப் பேச வரும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது.

புதுமைகள் கனக்க இருக்கின்றன. கோடி அற்புதர் என்று சும்மாவா சொல்லுகிறோம்? ரிமினியில் சனம் கேட்காதபோது மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தது, ஒரு நவசந்நியாசி களவெடுத்துக்கொண்டு போன சங்கீதப் புத்தகம் அவருடைய செபத்தால் திரும்பி வந்தது. அம்மம்மாவின் சாவிக்கும் ஆட்டுக்கும் மூலக்கதை அந்தப் புத்தகம்தான். இன்னொன்றும் இருக்கிறது: செத்துப்போன உலோபி ஒருவனின் இருதயம் நெஞ்சில் இல்லாமல் அவனுடைய காசுப் பெட்டிக்குள் கிடந்ததாம். அதை தொனத்தெல்லோ வெண்கலத்தில் செய்து வைத்தது இன்றைக்கும் பதுவாக் கோவிலில் இருக்கிறது.

நான் நின்றது புதுமை இல்லாத ஒரு இடத்தில். 1231 தவக்காலத்தில் அவர் பதுவாவில் நாளுக்கு நாள் பிரசங்கம் வைத்தார். கோவில் காணாமல் வயல்வெளிக்கு வந்தது கூட்டம். வட்டிக்குக் கொடுக்கிறவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. அந்த மார்ச்சில் பதுவா நகரசபை ஒரு சட்டம் போட்டது, அந்தோனியார் கேட்டதற்கிணங்க என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தன் சொத்தை விட்டுக்கொடுக்கிற கடனாளியைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாது. பிணை நின்றவருக்கும் அப்படியே.

கடனைத் தள்ளுபடி செய்த சட்டம் இல்லை. வீடு வாசல் போகும், ஆள் மட்டும் வெளியில் இருக்கும். பெரிய புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரசங்கத்தோடு நிற்காமல் சட்டம் வரைக்கும் போயிருக்கிறார். மூன்று மாதத்தில், ஜூன் 13, செத்துப்போனார். வயது 36 கூடத் தாண்டவில்லை. ஒரு வருடம் முடிய முதலே, 1232 மே 30, புனிதர் பட்டம். 1263இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு அழியாமல் இருந்ததாம், அது பதுவாவில் பேழையில் இருக்கிறது. அந்த நாக்கைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கடன்காரருக்காக அது கதைத்ததை ஒரு திருநாளிலும் நான் கேட்கவில்லை.

அன்றிரவு ஹொஸ்டலில் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்துச் சட்டத்தைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா.

"பிணை நிண்டவைக்குமோ?"

"ஓம் அம்மா, அவைக்கும்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உதை அம்மம்மாட்டச் சொல்லிப் போடாத. ஏன் உனக்கு உந்தக் கடன் கதை எண்டு கேப்பா" என்றா.

தோடு 2019இலேயே ஏலத்தில் போய்விட்டது. அம்மம்மா இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா.