ஆதாயம்

தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ‘ஆத்தும ஆதாயம்’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளியில், வாலிபர் கூடுகையில், கன்வென்ஷன் பந்தலில் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருவதற்கு அந்தப் பெயர். சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. ஆதாயம் என்பது கடைக்காரர் சொல். நட்டத்துக்கு எதிர்ப்பதம்.

எங்கள் தொழிலிலும் இதற்கு ஒரு சொல் உண்டு. செயலியைத் திறந்த நூறு பேரில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதற்கு ‘கன்வெர்ஷன் ரேட்’ என்று பெயர். பட்டனின் நிறத்தை மாற்றுவோம், ஒரு வரியைக் குறைப்போம், அடுத்த வாரம் எண் ஏறியதா என்று பார்ப்போம். மதமாற்றத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஊழியக் கூட்டங்களில் ‘இந்த வருஷம் எத்தனை பேர்?’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் திங்கட்கிழமை மீட்டிங் ஞாபகம் வரும்.

இப்படிச் சொல்வதால் நான் விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்காதவன் என்று நினைக்க வேண்டாம். நல்ல பிரியாணிக் கடை கிடைத்தாலே நாலு பேரிடம் சொல்கிறோம். மரித்து உயிர்த்தார் என்று நான் நம்பும் ஒருவரைப் பற்றி, கூடவே உட்கார்ந்து வேலை பார்ப்பவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால் அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நானே அதை அவ்வளவாக நம்பவில்லை என்றுதான் அர்த்தம். எனவே சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

தாம்பரம் ரயிலில் கைப்பிரதி கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுப் போவார்கள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. வெயிலில் அலைகிறார், ஒருவேளை சொந்தக் காசில் அச்சடித்திருப்பார். அவருடைய உண்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கையில் பதில் மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு சீகன்பால்க் முக்கியமானவர். டென்மார்க் மன்னர் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. தமிழ் கற்க அவர் கண்ட வழி, திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவது. இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பட்டியலிட்டுக் குறிப்பு எழுதுகிறார். 1713இல் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி ஜெர்மனிக்கு அனுப்புகிறார். உன்னை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்கத்தானே, அதை இங்கே பரப்பவா என்கிற தொனியில் அங்கிருந்து பதில் வருகிறது. 1867 வரை அந்தப் புத்தகம் அச்சேறவில்லை. அவர் தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ் புதிய ஏற்பாடு 1715இல் முடிந்துவிட்டது. 1719இல் 36 வயதில் இறந்துபோனார்.

அவர் செய்தவற்றில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது கடிதங்களைப் பற்றி. அவரும் அவருடைய சக ஊழியர் க்ரூண்ட்லரும் 1712 முதல் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் எழுதச் சொன்னார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் வெளியாயின. கேட்ட கேள்விகளில் ஒன்று: நீங்கள் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்க மறுக்கிறீர்கள்? பதில்கள் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டை அடித்துத் தின்கிறார்கள், கால் கழுவுவதுகூட இல்லை, உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், உங்கள் நடத்தை அப்படி இல்லையே என்கிற மாதிரி.

சீகன்பால்க்கை நான் இன்றைய ஆளாக மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. தமிழர்கள் தவறான வழியில் இருக்கிறார்கள் என்று நம்பித்தான் அவர் வந்தார், கடைசிவரை அப்படித்தான் நம்பினார். ஆனாலும் தனக்குச் சாதகமில்லாத பதிலையும் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். கேட்ட கேள்வியை உண்மையாகவே கேட்டிருக்கிறார். முந்நூறு வருடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் நமக்கு என்ன பதில் வரும்? தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறையிலேயே சாதிக்குச் சுவர் எழுப்பியவர்கள் நாம். எந்தக் கைப்பிரதியும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகாது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. என் டீமில் ஆறு வருடமாக இருக்கும் நண்பனின் அம்மா சேலத்தில் ஐ.சி.யூ.வில் இருந்தார். வருடம் தவறாமல் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகிற குடும்பம். ராத்திரி பதினொன்றரைக்கு போன் வந்தது.

“டேய், உங்க சாமிகிட்டயும் கொஞ்சம் சொல்லுடா.”

‘சாமிகிட்டயும்.’ அந்த ‘உம்’ எனக்கு நன்றாகக் கேட்டது. அவன் முருகனை விட்டுவிட்டு வரவில்லை, கூட ஒரு ஆளைக் கூப்பிடுகிறான். விஷயம் தெரிந்த என் சொந்தக்காரர் ஒருவர், “இதுதாம்ப்பா கதவு தொறக்குற நேரம். அம்மா சொகமாயிட்டா குடும்பத்தோட வந்துருங்கன்னு தைரியமா சொல்லு” என்றார். அப்படியொரு ஒப்பந்தத்தை நான் வேதத்தில் படித்ததில்லை. போனிலேயே ஜெபித்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லி, மூச்சு கொடுங்க ஆண்டவரே என்று இரண்டு நிமிடம். மறுமுனையில் அவன் அழுதுகொண்டிருந்தான். ஐந்தாம் நாள் அம்மா இறந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து டீக்கடையில் அவனே ஆரம்பித்தான். “நீ ஜெபம் பண்ண. நான் வேண்டிக்கிட்டேன். அத்தை மண்சோறு சாப்ட்டாங்க. யாருமே கேக்கலையே, ஏன்டா?”

“தெரியலடா” என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். லாசரு என்ற நண்பன் செத்துப்போனபோது, அவனை எழுப்பப் போகிற இயேசுவே முதலில் அழுதார். சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று அவரும் கேட்டார், அந்த நேரத்தில் அவருக்கும் பதில் வரவில்லை. “அந்த சாமியத்தான்டா கும்பிடுறேன். செத்தவங்க அதோட முடிஞ்சு போறதில்லன்னு அவர வெச்சுத்தான் நம்புறேன்.”

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கடைசித் தடவை பழனிக்குப் போனபோது அம்மா கால் வீக்கத்தோடு படியேறியதைச் சொன்னான். உச்சியில் நின்று தனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளாமல் இவன் பெயரை மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

எங்கள் சபையில் ஒரு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “வந்துட்டானா?” என்றார். இல்லை என்றேன். அவர் முகம் வாடியது.

நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977இல் உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொன்னது: தன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மாற்றுவது உரிமை ஆகாது. என் நண்பர்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. சட்டமாக அதைப் பற்றி எவ்வளவோ வாதாடலாம். ஆனால் விசுவாசியாக எனக்கு அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. மனதை மாற்றுவது பரிசுத்த ஆவியின் வேலை என்றுதான் நாங்களும் பிரசங்கம் கேட்கிறோம். பிறகு அந்தக் கணக்கை நாங்கள் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறோம்?

பேதுரு தன் நிருபத்தில், உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். வரிசையைக் கவனித்தால் அங்கே முதலில் யாரோ கேட்கிறார்கள். ஒருவர் நம்மிடம் கேட்கத் துணிவதற்குப் பல வருடம் ஆகலாம். அதுவரை நாம் எப்படி வேலை பார்க்கிறோம், ஜூனியரிடம் எப்படிப் பேசுகிறோம், ரிலீஸில் தவறு நடந்தால் யார் தலையில் கட்டுகிறோம் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். தரங்கம்பாடியில் கடிதம் எழுதியவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

போன மாதம் நண்பன் கேட்டான், “அந்த அழுத கதை எதுலடா இருக்கு?” யோவான், பதினோராம் அதிகாரம் என்று போனில் எடுத்துக் கொடுத்தேன். நாலு வரி படித்துவிட்டு “இது என்னடா தமிழ்?” என்றான். மதியம் கேன்டீனில் உட்கார்ந்து, வரி வரியாகப் பேச்சுத்தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிவதற்குள் நான்கு கேள்வி கேட்டான். அதில் இரண்டுக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.