ஜனவரி 1-இல் பிறந்தவர்கள்

2025 மே 31-ஆம் தேதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சான்றிதழ்ப்படி எனக்கு அறுபது. நிஜத்தில் ஐந்து மாதம் பாக்கி. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று அம்மா சொல்வாள். 1970 ஜூனில் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிரம்பவில்லை. திருப்பத்தூர் பக்கம் எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து 10.5.1965 என்று எழுதிக்கொண்டார். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், எங்கள் ஊரில் குழந்தைகள் மே மாதத்தில் மட்டும்தான் பிறக்கும் என்று தோன்றும்.

வழியனுப்பு விழாவில் கேக் வெட்டி, தலையில் மைசூர் பேட்டா வைத்து, சால்வை போட்டார்கள். என்னைவிட இருபது வயது இளையவரான டைரக்டர் பேசினார். “இருபத்திரண்டு வருஷமா அமெரிக்க காலேஜ்களுக்கு மார்க் ஷீட் சாஃப்ட்வேர் எழுதினவர்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று மாலை பெங்களூர் டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் நின்ற முக்கால் மணி நேரமும் அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. மார்க் ஷீட் சாஃப்ட்வேர்! வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவனை யாராவது பாஸ்புக் சாஃப்ட்வேர்க்காரன் என்று சொல்வார்களா?

எங்கள் மென்பொருளில் ஒரு மாணவரின் சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை, விடுதி, பாடப்பதிவு, பட்டம், பிற்காலத்தில் அவர் கொடுக்கும் நன்கொடை வரைக்கும் ஒரே டேட்டாபேஸில் இருக்கும். கிழக்குக் கரைக் கல்லூரிகளில் ஏப்ரல் மாதம் காலை ஏழு மணிக்குப் பாடப்பதிவு திறந்தால் பெங்களூரில் மாலை நாலரை. நம் ஆட்கள் தட்கல் டிக்கெட்டுக்கு உட்கார்வதுபோல அங்கே பிள்ளைகள் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று வெளிவட்டச் சாலை மூழ்கி, கம்பெனி ஆட்கள் டிராக்டரில் வேலைக்குப் போனதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அன்று அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. அதனால் பிழைத்தோம்.

எனக்கு வந்து வாய்த்த பகுதி ஆள் பொருத்துவது. ஒரு பெண் விண்ணப்பம் போட்டால் ஒரு பதிவு உண்டாகும். அவளுடைய நுழைவுத்தேர்வு மதிப்பெண் வேறொரு கோப்பில் வரும். உதவித்தொகை விவரம் மூன்றாவது கோப்பில். மூன்றும் ஒருத்தியா, வேறு வேறு ஆட்களா? கேள்வி அவ்வளவுதான். சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். பாதி விண்ணப்பங்களில் அந்தக் கட்டம் காலியாக வரும்.

2007-இல் நான் ஒரு விதி எழுதினேன். குடும்பப்பெயர், முதற்பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள், தானாகவே இணைத்துவிடு. அதற்கு முன் சந்தேகமான பதிவுகளெல்லாம் சஸ்பென்ஸ் வரிசையில் கிடக்கும். கல்லூரி ஊழியர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தீர்க்க வேண்டும். என் விதி வந்ததும் வரிசை மளமளவென்று குறைந்தது. எனக்குப் பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அதை அச்செடுத்துக்கூட வைத்திருந்தேன்.

நவம்பரில் மினசோட்டா மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். மாணவர் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷ அனுபவம். அமெரிக்காவில் சோமாலியர்கள் மிகுதியாகக் குடியேறிய மாநிலம் அது. சோமாலியருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டு ஓடிவந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்குமா? பிறந்த தேதி தெரியாத அகதிகளுக்குத் தாள்களில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். அந்தக் கல்லூரியில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு இளைஞர்கள் படித்தார்கள். நம்மூரில் முருகன், குமார் போலத் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் இருவருக்கும். இருவரும் ஒரே ஆண்டு ஜனவரி 1. என் விதி ஒரே இரவில் அவர்களை ஒருவராக்கிவிட்டது. ஒருவர் உடற்கூறியலில் தோற்றிருந்தார். நர்சிங்கில் சேரக் காத்திருந்த மற்றவருக்கு அந்தத் தோல்வி போய் ஒட்டிக்கொண்டு, இடம் இல்லை என்று கடிதம் போய்விட்டது. ஒருவருடைய மதிப்பெண்ணை இன்னொருவர் பார்த்துவிட்டதால் மாணவர் பதிவுகளின் அந்தரங்கம் காக்கும் ஃபெர்பா என்கிற 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் மீறப்பட்டுவிட்டது.

அந்த அம்மாள் கத்தவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: “உங்கள் ஊரில் எல்லோருக்கும் பிறந்த தேதி தெரியுமா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகச் சுமக்கிறவன், தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த தேதியில் வயதாகிறவன், எழுதிய விதி அது. அமெரிக்காவில் எவனோ ஒரு ஸ்மித்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இரண்டு பதிவை இணைப்பது ஒரு நிமிட வேலை. பிரிப்பது அப்படியல்ல. இணைத்தபோது எல்லா வரிகளும் ஒரே எண்ணின் கீழ் போய்விட்டன, எந்த வரி யாருடையது என்று எங்குமே குறித்துவைக்கவில்லை. அதுவும் என் தவறுதான். அந்த அம்மாள் ஆசிரியர்களிடம் போய்ப் பழைய காகித மதிப்பெண் தாள்களை வாங்கிவந்தார். அவருக்குக் காலை எட்டு, எனக்கு இரவு ஏழரை. அவர் தாளைப் படிக்க, நான் வரி வரியாகப் பிரித்தேன். நான்கு இரவுகள் ஆயிற்று. நர்சிங் மாணவருக்கு அடுத்த பருவத்தில்தான் இடம் கிடைத்தது. அரை வருஷம் போனது போனதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் சஸ்பென்ஸிலிருந்து இருபது பதிவுகளை எடுத்து என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஒன்றரை வருஷம். இதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஒரே முகவரியில் இரட்டைப் பிள்ளைகள், முதலெழுத்தும் ஒன்று. அப்பாவும் மகனும் ஒரே பெயர், பின்னால் ஜூனியர் போட மறந்திருப்பான். கல்யாணமாகிப் பெயர் மாற்றி, விவாகரத்தாகிப் பழைய பெயருக்குத் திரும்பியவள். எந்த உயர்நிலைப்பள்ளி, முதலில் எந்தப் பருவத்தில் சேர்ந்தார், பழைய தொலைபேசி எண்ணை எப்போது மாற்றினார் என்று சுற்றிச் சுற்றி விசாரிப்பார். அப்படியும் தெரியாவிட்டால், “அப்படியே கிடக்கட்டும்” என்பார். தெரியாததை முடிவு செய்யாமல் விட்டுவைக்கலாம் என்று எந்தக் கணிப்பொறி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

வேறு பிரிவுகளில் இருந்தவர்களும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். அமெரிக்க அரசின் உதவித்தொகை விண்ணப்பமான ஃபாஃப்ஸாவை மாற்றியமைத்தார்கள். வழக்கமாக அக்டோபர் 1-இல் திறப்பது, 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. விவரங்கள் கல்லூரிகளுக்கு வந்து சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்ற பழைய கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. புதிய கணக்கு மைனஸ் 1500 வரை போகும். வறுமை பூஜ்யத்தில் நின்றுவிடும் என்று நம்பி நிரல் எழுதியிருந்தவர்கள் அந்த மார்ச்சில் தூங்கவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, என் இடத்துக்கு வந்த கோயம்புத்தூர்ப் பையன் கணினியைத் திருப்பிக் காட்டினான். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரே மத்தியானத்தில் ஆள் பொருத்தும் நிரலை எழுதி வாங்கியிருந்தான். பெயர் ஒலிப்பு, எழுத்துப்பிழை எல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறது. தொண்ணூறைத் தாண்டினால் தானாக இணைத்துவிடும். நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை.

“சஸ்பென்ஸ் எங்கப்பா?”

“தேவையில்ல சார். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா வருது.”

“நாப்பதாயிரம் பேர் இருக்கற காலேஜ்ல ரெண்டு சதவீதம் எத்தனை பேரு?”

“எண்ணூறு” என்றான் உடனே. கணக்கில் கெட்டிக்காரன். “ஆனா அவங்க புகார் டிக்கெட் போடுவாங்கல்ல சார்?”

கோபம் வந்தது. ஆனால் அவன் மேல் அல்ல. அவன் வாழ்நாளில் ஒரு கல்லூரி ஊழியரோடு தொலைபேசியில் பேசியதில்லை. பேசவிடமாட்டார்கள். நாங்கள் சேர்ந்த காலத்தில் ஒரு கல்லூரி வாடிக்கையாளரானால் அதன் பாடக் கேட்டலாகை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்போம். இன்று டிக்கெட்டை எத்தனை மணி நேரத்தில் மூடினாய் என்பதுதான் கணக்கு. மூடிய டிக்கெட்டுக்குள் இருந்தவன் நர்சிங்கில் சேர்ந்தானா என்று யாரும் கேட்பதில்லை. ‘தேவையில்ல சார்’ என்ற அந்த இரண்டு வார்த்தையில் ஒன்றரை வருஷத்து வியாழக்கிழமைகள் போய்விட்டன.

இன்னொரு வருத்தமும் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு கர்நாடகக் கல்லூரிக்கோ தமிழ்நாட்டுக் கல்லூரிக்கோ நான் ஒரு வரி எழுதியதில்லை. அலுவலக ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பொறியியல் கல்லூரியில் தேர்வு எண்ணைச் சுவரில் ஒட்டுவார்கள், உள்ளே நாங்கள் மினசோட்டாவுக்காகக் கண்விழித்திருப்போம். இப்போது ஆள் பொருத்தும் வேலை இங்கேயும் வந்துவிட்டது. மாணவர் ஈட்டும் பாடப் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக்கான யூஜிசி விதிமுறைகள் 2021-இல் வெளியாயின. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அபார் என்று பன்னிரண்டு இலக்க எண் தருகிறார்கள். அதற்குப் பள்ளிப் பதிவும் ஆதாரும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால், மூன்றாவதில் அப்பாவின் முழுப்பெயர் என்று வைத்திருக்கும் நமக்கு என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு எழுதப்போகும் பிள்ளை இருந்தால், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் மேஜைமேல் வைத்து, பெயரையும் இனிஷியலையும் தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் போவதற்கு முன்பே பாருங்கள்.