பலகையின் மறுபக்கம்

எங்கள் திருத்தணி இருந்த இடத்தை விட்டு அசையாமலே இருமுறை மாநிலம் மாறிய ஊர். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. ம.பொ. சிவஞானம் அவர்கள் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், பட்டாஸ்கர் அளித்த பரிந்துரையின்படியும், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு மீண்டும் இணைந்தது. மலை நகரவில்லை, மலைக்கோயிலின் 365 படிகளில் ஒன்றும் இடம்பெயரவில்லை. வரைபடத்துக் கோடு மட்டுமே நகர்ந்தது. அது நகராமல் இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் 'அம்மா' என்னும் சொல்லை வேறோர் எழுத்தில் எழுதிப் பழகியிருப்பார்கள்.

ஆகவே, 'இப்படியன்றி வேறுவிதமாக நடந்திருந்தால்?' என்னும் கேள்வி எல்லையோரத்து மக்களாகிய எங்களுக்குப் புதியதன்று. அதே கேள்வியைப் பெண்களின் வாழ்வைக் குறித்துக் கேட்கும் கதைகள் உலகில் உண்டு என்பதுதான் எங்களுக்குப் புதிய செய்தி. பெண்ணிய அறிவியல் புனைகதை என்று அவற்றை அழைக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் கூடி வாசிக்கும் சிறு குழுவினராகிய நாங்கள், சில மாதங்களாக இக்கதைகளை வாசித்தும், ஆங்கிலம் அறிந்தவர் சொல்லக் கேட்டும் வருகிறோம். விந்தைக் கதை கேட்கும் ஆவலோடு தொடங்கிய வாசிப்பு எங்கள் வீட்டு வாசல்வரை வந்து நின்றதால், அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதற் கேள்வியை எங்கள் ஊரை வைத்தே கேட்டுப் பார்த்தோம். 1888 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் எளிய தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்த சிறுவன், திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளிக்கும், பின்னர் வேலூர்க் கல்லூரிக்கும், அதன்பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கும் சென்று படித்தான். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, 1962 முதல் 1967 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களே அச்சிறுவன். ஷேக்ஸ்பியருக்கு அவரைப் போலவே திறமை வாய்ந்த ஒரு தங்கை இருந்திருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வெளிவந்த தம் நூலில் கற்பனை செய்து காட்டினார். அந்தக் கற்பனையை நாங்கள் திருத்தணிக்குக் கொண்டுவந்தோம். அதே நாளில், அதே தெருவில், அதே அறிவோடு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தால்? எட்டு வயதில் அவளைத் திருப்பதிப் பள்ளிக்கு யார் அனுப்பியிருப்பார்கள்? 1903இல் இராதாகிருஷ்ணன் அவர்களுக்குத் திருமணம் நடந்தபோது மணமகள் சிவகாமு அம்மையார் ஒரு சிறுமி. மணமகன் படிப்பைத் தொடர்ந்தார். நாங்கள் கற்பனை செய்த பெண்ணுக்கோ திருமணமே படிப்பின் முற்றுப்புள்ளியாகியிருக்கும்.

கற்பனையில் மட்டுமே வாழும் அப்பெண்ணுக்கு உண்மை வாழ்வில் ஒரு தமக்கை உண்டு. இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியின் பைராபந்து என்னும் ஊரில் 1880இல் பிறந்த ரொக்கேயா என்பவரே அவர். பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்த செல்வக் குடும்பம் அது. பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. மூத்த அண்ணன், வீட்டார் உறங்கிய பின் இரவு வெளிச்சத்தில் தங்கைக்கு வங்காளமும் ஆங்கிலமும் இரகசியமாகக் கற்பித்தார். மணமான பின் பாகல்பூரில் அரசு அதிகாரியாக இருந்த கணவர் சையது சகாவத் உசைன் ஊக்கம் கொடுத்தார். கணவர் வெளியூர்ப் பயணம் சென்றிருந்த வேளையில், பொழுதுபோக்காகவும் தம் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கவும் ரொக்கேயா ஒரு சிறு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதை நின்றபடியே படித்து முடித்து, 'இது கொடிய பழிவாங்கல்' என்று பாராட்டும் பாங்கில் சொன்னதாகக் கூறுவர்.

'சுல்தானாவின் கனவு' என்னும் அக்கதை முதன்முதலாக அச்சேறியது எங்கே என்று அறிந்தபோது நாங்கள் வியந்தோம். கல்கத்தாவிலன்று, இலண்டனிலுமன்று, நம் சென்னையில்! 1901இல் கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் 1905ஆம் ஆண்டு அது வெளிவந்தது. வங்கத்து முஸ்லிம் பெண் எழுதியதை, இராஜமுந்திரியில் பிறந்த தெலுங்குக் கிறிஸ்தவப் பெண் தமிழ் மண்ணில் இருந்து வெளியிட்டார். சமயம், மொழி, மாநிலம் ஆகிய மூன்று எல்லைகளையும் ஒரு சிறுகதை அன்றே கடந்துவிட்டது. பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைக் கற்பனை செய்து அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 'ஹெர்லேண்ட்' எழுதியது 1915இல். நம் நாட்டுப் பெண்ணோ அவரைப் பத்தாண்டு முந்திக்கொண்டார்.

கதைச் சுருக்கம் இதுதான். நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயரும் சுல்தானாவை ஒரு தோழி வேறொரு நாட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே பெண்கள் வீதியில் அச்சமின்றி நடக்கிறார்கள். ஆண்களோ வீட்டின் உட்கட்டில் அடைபட்டிருக்கிறார்கள். அந்நாட்டில் பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று, மேகத்திலிருந்து நீரை இறக்கும் பலூனைக் கண்டுபிடித்தது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் கருவியை உருவாக்கியது. படைபலம் பெருக்குவதில் முனைந்திருந்த ஆண்கள் இவற்றை எள்ளி நகையாடினார்கள். பகைவர் படையெடுத்து வந்து ஆண்களின் சேனை தோற்றபோது, அந்தச் சூரிய வெப்பமே நாட்டைக் காத்தது. அன்றுமுதல் ஆட்சி பெண்களிடம். சமையலறையில் புகையில்லை, கரியில்லை. வெயிலே உணவைச் சமைக்கிறது. அலுவலக வேலை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே. 21 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் இல்லை.

இந்த 21 என்னும் எண்ணிலே நாங்கள் சற்று நின்றோம். இந்தியாவில் பெண்ணின் திருமண வயது 14 என்று சாரதா சட்டம் வகுத்ததே 1929இல்தான். அது 18 ஆக உயர 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனவுநாட்டின் சட்டம் நனவுநாட்டின் சட்டத்தைப் பல்லாண்டு முந்தி நின்றது. வெயிலில் சமைப்பதும் அன்று நகைப்புக்குரிய கற்பனை. இன்று சூரிய அடுப்பு விந்தைப் பொருளன்று.

வாசித்து முடித்ததும் எங்கள் குழுவின் ஆடவர் ஒருவர் சற்றுச் சினத்தோடு கேட்டார்: "எங்களை அடைத்து வைப்பதுதான் நீதியா?" நியாயமான கேள்வி. ஒருவர் சிறையைத் திறந்து அதில் மற்றவரை அடைப்பது விடுதலை ஆகாது. ஆண், பெண் இருவரும் ஒரே இறைச்சாயல் என்று நம்பும் நமக்கு அது உவப்பான உலகமும் அன்று. ஆயினும், கதையில் ஆண்கள் அடைபட்டதைக் கேட்டு எழுந்த இந்தச் சினம், உண்மை உலகில் பெண்கள் அடைபட்டிருந்ததைக் கேட்டபோது ஏன் எழவில்லை? அதைத்தான் ரொக்கேயா நம்மிடம் கேட்கிறார். உவமைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முறை அயலானதன்று. உவமையும் கேட்பவரை வேறோர் உலகத்துக்கு அழைத்துச் சென்று, அவர் அங்கே தீர்ப்புச் சொன்ன பிறகு, அத்தீர்ப்பை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது.

ரொக்கேயாவும் தம் கனவோடு நின்றுவிடவில்லை. 1909இல் கணவர் இறந்த பின் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு ஒரு பள்ளி தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவுக்கு மாற்றி எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரை வேண்டினார். 1932 டிசம்பர் 9 அன்று மறையும்வரை அதே பணி.

ரொக்கேயாவுக்குப் பின் வந்தவர்கள் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கினார்கள். அமெரிக்கரான ஜோஆனா ரஸ் 1975இல் எழுதிய 'தி ஃபீமேல் மேன்' என்னும் புதினத்தில் நான்கு இணை உலகங்களிலிருந்து நான்கு பெண்கள் சந்திக்கிறார்கள். பிறவி அமைப்பில் நால்வரும் ஒருவரே. ஆனால், ஓர் உலகில் அவள் தயங்கி ஒடுங்குபவள். மற்றோர் உலகில் அச்சம் என்பதையே அறியாதவள். 'பெண்ணின் இயல்பே இதுதான்' என்று நாம் சொல்லிவரும் எத்தனையோ செய்திகள் இயல்பல்ல, அவள் வளர்ந்த உலகத்தின் அச்சு என்பது அக்கதையின் வாதம்.

இதன் இருண்ட பக்கத்தை நம் நாட்டு எழுத்தாளர் மஞ்சுளா பத்மநாபன் காட்டினார். 2008இல் வெளிவந்த அவரது 'எஸ்கேப்' புதினத்தில், பெண்களே அழிக்கப்பட்டுவிட்ட ஒரு நாடு. எஞ்சிய ஒரு சிறுமியை அவளுடைய சித்தப்பா, பெரியப்பாமார் மூவர் ஒளித்து வளர்க்கிறார்கள். மிகைக் கற்பனை என்று அதைத் தள்ளிவிட எங்களால் இயலவில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த தமிழகம் இது. கருவிலேயே பெண்ணைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் தனிச்சட்டம் தேவைப்பட்ட நாடு இது.

எங்களிடையே நீண்ட உரையாடலை எழுப்பிய நூல் வேறொன்று. ஜோ வால்ட்டன் 2014இல் எழுதிய 'மை ரியல் சில்ட்ரன்' அது. முதியோர் இல்லத்தில் நினைவு தடுமாறிக் கிடக்கிறாள் பாட்ரிசியா. இரண்டு முழு வாழ்க்கைகள் அவளுக்கு நினைவிருக்கின்றன. 1949இல், 'இப்போதே மணம் செய்துகொள், இல்லையேல் எப்போதும் இல்லை' என்று காதலன் கேட்க, ஒரு வாழ்வில் சரி என்றாள், மற்றதில் மறுத்தாள். சரி என்ற வாழ்வில் இல்லறம் கசந்தது. ஆனால், உலகம் மெல்ல அமைதிக்குத் திரும்பியது. மறுத்த வாழ்வில் அவள் மனம்போல் மகிழ்ந்திருந்தாள். உலகிலோ அணுகுண்டுகள் வெடித்தன. இரண்டில் எது மெய்? இரண்டிலும் பிள்ளைகள் உண்டு. இரு வீட்டுப் பிள்ளைகளும் அவளுக்கு மெய்யான பிள்ளைகளே.

இக்கதையைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எங்கள் குழுவின் மூத்தவரும் ஒருவர். எண்பதைக் கடந்தவர். பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் பிறந்து, தார் சுற்றியும் பாவு ஓட்டியும் தறிவீட்டிலேயே காலம் கழித்தவர். எங்களில் இளையவள் ஒருத்தி அவரிடம் கேட்டாள்: "ஆயா, உங்களுக்கு இன்னொரு உலகம் கெடச்சா அங்க என்னவா இருப்பீங்க?"

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "இன்னொரு ஒலகம் எதுக்கு கண்ணு? எங்க அண்ணன் பலகைல ஒரு பக்கந்தான் தெலுங்குல எழுதுவான். மறுபக்கம் சும்மாதான் கெடக்கும். அந்தப் பக்கத்த எனக்குக் குடுத்திருந்தா போதும்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இணை உலகம் என்றும் மாற்று மெய்ம்மை என்றும் நூலாசிரியர்கள் விரித்துரைத்ததை, எழுத்தறியாத அம்முதியவர் ஒரு கற்பலகைக்குள் அடக்கிவிட்டார். அவர் இழந்த வாழ்வு விண்மீன்களுக்கு அப்பால் இருக்கவில்லை. அதே வீட்டில், அதே திண்ணையில், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ரொக்கேயாவின் அண்ணன் அந்த மறுபக்கத்தைத் தங்கைக்குக் கொடுத்தார். அதனால் 'சுல்தானாவின் கனவு' பிறந்தது. எங்கள் ஆயாவின் அண்ணன் கெட்டவரல்லர். கொடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லித்தர யாருமில்லை. இக்கதைகள் செய்யக்கூடிய உதவி இதுதான் என்று நாங்கள் நம்புகிறோம்: வெறுமையாகக் கிடக்கும் பக்கத்தை அவை கண்ணுக்குப் புலப்படுத்துகின்றன.

அன்று அதே அறையில் ஒரு தாயும் இருந்தார். மகன் சென்னையில் பொறியியல் படிக்கிறான். மகள் பிளஸ் டூ தேறி வீட்டில் இருக்கிறாள். 'இரயிலேறிப் போய்வர வேண்டும், வயதுப் பெண், காலம் கெட்டுக் கிடக்கிறது' என்பவை காரணங்கள். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தை, 2022இல், எங்கள் ஊர் இராதாகிருஷ்ணன் பிறந்த அதே செப்டம்பர் 5 அன்று தமிழக அரசு தொடங்கியது. அதற்கு முன் எத்தனை மகளிர் அந்த வாசல்வரை வந்து திரும்பினார்களோ! ஆனால், பணம் ஒன்றே தடையாக இருந்தால்தானே பணம் தடையை நீக்கும்? அந்தத் தாய் எதுவும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு, கல்லூரி விண்ணப்பத்தை மகளே வாங்கி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். வீட்டில் முடிவு இன்னும் ஆகவில்லை. தந்தை இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறாராம்.

கதை வாசிப்பதால் உலகம் மாறிவிடும் என்று சொல்ல நாங்கள் துணியவில்லை. ரொக்கேயாவே கதை எழுதிய கையோடு பள்ளிக்கூடம் நடத்தப் போனார். ஆயினும், வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் இல்லத்தில் உள்ள மூத்த பெண்மணியிடம், தாயோ பாட்டியோ மாமியாரோ யாராயினும், அருகில் அமர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இன்னொரு வாழ்வு கிடைத்திருந்தால் என்னவாக இருந்திருப்பார் என்று. அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பின்னர், அவர் சொன்னது நம் வீட்டின் இளைய பெண்ணுக்கு இன்றேனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் நம் வீட்டிலேயே இருக்கிறார்.